ஒரே ஓ.பி. சீட்டில் இரண்டு நோய்

சிவகங்கை மாவட்டத்துக் கோவிலூரைச் சுற்றிய ஊர்களில் முதுகுவலி வேலையோடு சேர்ந்தே வருகிறது. சித்தாள் வேலையும் ஆத்தங்குடிக் கல் வார்க்கும் வேலையும் குனிந்தபடி செய்பவை. கண்ணாடியின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி எடுப்பவருக்கு மாலையில் நிமிர்ந்து நிற்பதே பெரும்பாடு. மருந்துக் கடையில் அவர் கேட்பது, "உடம்பு வலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்க" என்பதுதான்.

கிடைப்பது பாராசிட்டமாலாக இருந்தால் கவலையில்லை. டிராமடால் கலந்ததாக இருந்து, மாதக்கணக்கில் தொடர்ந்தால் உடம்பு அந்த ஓபியாய்டுக்குப் பழகிவிடும். நிறுத்தினால் கைகால் குடைச்சல், தூக்கமின்மை, வயிற்றுப்போக்கு. பழைய வலிதான் கூடிவிட்டது என்று நினைத்து அவர் மறுபடியும் அதே மாத்திரையைத் தேடுவார். வலியும் அடிமைத்தனமும் இப்படிப் பின்னிக் கிடக்க, ஒன்றை எலும்பு மருத்துவரிடமும் மற்றொன்றைப் போதை மீட்பு மையத்துக்கும் அனுப்புவதில் பொருளில்லை. இரண்டையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சேர்த்துப் பார்ப்பதுதான் சரி என்பது என் கருத்து.

அதற்கான அடித்தளம் தமிழ்நாட்டில் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகளோடு பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகிறது. போதை மீட்பு மையத்தின் வாசலில் நிற்கக் கூசுகிறவர் சுகாதார நிலையத்தில் சுகர் மாத்திரைக்கான வரிசையில் கூச்சமின்றி நிற்பார். மருந்தும் இருக்கிறது. பூப்ரினார்பின் வலியையும் தணிக்கும், போதைத் தேட்டத்தையும் அடக்கும். மார்பினைவிட மூச்சை ஒடுக்கும் அபாயமும் அதில் குறைவு.

சிக்கல் அந்த மருந்திலேயே தொடங்குகிறது. நலாக்சோன் என்ற முறிமருந்து சேர்ந்த பூப்ரினார்பின் மாத்திரை இந்தியாவில் போதை மீட்பு மையங்களுக்கென்றே கட்டுப்படுத்தப்பட்டது, சாதாரண ஓ.பி. மருத்துவர் எழுதித் தர வழியில்லை. பஞ்சாப் 2017இல் புறநோயாளிகளுக்கே இதைத் தரும் மையங்களைத் திறந்தது. நாள்தோறும் வந்து கண்ணெதிரே விழுங்க வேண்டும் என்பது அப்போதைய விதி. கூலிக்காரருக்கு அது அரைநாள் சம்பளம். கொரோனாக் காலத்தில் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். மாத்திரை வெளியே விலைபோகிறது என்ற புகாரும் கூடவே வந்தது. இந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை.

எனக்கு அதைவிடப் பெரிய அச்சம், வலி மருந்து கேட்பவர்மேல் விழும் சந்தேகம்தான். 1985இன் போதைப்பொருள் சட்டம் புற்றுநோயாளிக்கு மார்பின் கிடைப்பதையே அரிதாக்கியது. 2014இல் திருத்தம் வரும்வரை பலர் வலியோடே செத்தார்கள். அமெரிக்காவில் 2016இன் ஓபியாய்டு வழிகாட்டுதலைக் கண்மூடிப் பின்பற்றிய மருத்துவர்கள் மாத்திரையைத் திடீரென வெட்டினார்கள்; 2022இல் அதைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. இங்கே டிராமடாலை 2018இல் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்த பிறகு டபென்டடால் என்ற வேறொரு வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றும் இளைஞர்களைப் பற்றிய செய்திகள் வருகின்றன. வலியைக் கவனிக்காமல் மாத்திரைக்கு மட்டும் பூட்டுப் போட்டால் வேறு மாத்திரை வரும்.

மருத்துவருக்கு நேரமில்லை என்பதும் உண்மையான குறை. வலியின் கதையைக் கேட்கப் பத்து நிமிடமாவது வேண்டும், காலை ஓ.பி.யில் அது நடக்காது. அதனால் வீடு தேடி வரும் தன்னார்வலர் முதலில் கேட்கட்டும்: என்ன வலி மாத்திரை, எத்தனை நாளாக, விட்டால் என்ன ஆகிறது? பூப்ரினார்பினைச் சிவகங்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்கி, அளவு நிலைப்பட்டபின் ஊர் சுகாதார நிலையத்தில் வாரம் ஒருமுறை தரலாம். அதற்கு விதியை மாற்ற வேண்டும். பிசியோதெரபிக்கு எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை. கல் வார்ப்பவரின் முதுகுக்கு அதை நாளையே தொடங்கலாம்.