ஊரும்போது உறுமும் எஞ்சின்

கேரி தீவின் செம்பனைத் தோட்டத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், செப்பாங்கை நோக்கித் தாழும் விமானங்கள் தெரியும். இங்கே தரையில் அவற்றுக்குப் பனிக்கவலை இல்லை. ஆனால் கோலாலம்பூரிலிருந்து லண்டனுக்கும் சப்போரோவுக்கும் போகிற விமானிகள் அங்கே வேறொரு விதிக்கு உட்பட்டாக வேண்டும். வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் அல்லது அதற்குக் கீழே இருந்து, மழையோ மூடுபனியோ கண்ணுக்குத் தெரிந்தால், எஞ்சின் கிளம்பியதுமே பனிப்படிவுத் தடுப்பை இயக்க வேண்டும்.

நீர் உறைவது 0 பாகையில். பிறகு எதற்கு 10? நின்றும் ஊர்ந்தும் போகும்போது எஞ்சின் காற்றை உறிஞ்சி இழுக்கிறது. அதன் வாயில் வேகமெடுக்கும் காற்று அழுத்தம் குறைந்து குளிர்கிறது. வெளியே நீராக இருப்பது உள்ளே உறைந்துவிடலாம். ஆகவே 10 என்பது வீண் பயமில்லை.

விலை வேறிடத்தில் இருக்கிறது. எஞ்சின் வாயின் விளிம்பைச் சூடாக்கும் காற்று கம்ப்ரசரிலிருந்து வருகிறது. அதை எடுத்துக்கொண்டால் எஞ்சினின் நெருப்பு தடுமாறக்கூடும். குறைந்த சுழற்சியில் அந்தக் காற்றுக்குப் போதிய அழுத்தமும் இராது. அதனால் பல எஞ்சின்களில் கட்டுப்பாட்டுக் கணினி ஐடல் வேகத்தைத் தானே உயர்த்திவிடும். எரிபொருள் கூடுதலாகச் செலவாவதைப் பொறுத்துக்கொள்ளலாம். விமானம் தானாக முன்னே ஓடப் பார்ப்பதுதான் சிக்கல். பிரேக் சரியாகப் பிடிக்காத வழுக்குத் தரையில்தான் இந்த உந்துதலும் கூடுகிறது! ஒரு எஞ்சினை அணைத்துவிட்டு ஊர்ந்து எண்ணெய் மிச்சம்பிடிக்கும் பழக்கமும் அங்கே உதவாது. போதாக்குறைக்கு, 737 போன்றவற்றில் 3 பாகை அல்லது அதற்குக் கீழே இருந்தால் அரைமணிக்கு ஒருமுறையாவது சுமார் 30 விநாடி 70 விழுக்காட்டுச் சுழற்சிக்கு உயர்த்தி, விசிறியில் ஒட்டிய பனியை உதற வேண்டும். பின்னால் இன்னொரு விமானம் நிற்கும் நெரிசலில் அது எளிதல்ல.

இவ்வளவு இருந்தும் விதியின் பக்கமே நிற்பேன். 1982 ஜனவரி 13 அன்று வாஷிங்டனில் பனிமழையில் கிளம்பிய ஏர் ஃபுளோரிடா 737-இல் தடுப்பு அணைந்தே இருந்தது. எஞ்சின் வாயிலுள்ள அளவி முனையில் பனி அடைத்ததால் உந்துவிசைக் கருவி அழுத்த விகிதத்தை 2.04 என்று காட்டியது. உண்மையில் இருந்தது சுமார் 1.70. இறக்கையிலும் பனி. பொட்டோமாக் பாலத்தில் மோதி 78 பேர் இறந்தனர். விமானிகளுக்குக் குளிர்கால அனுபவம் குறைவு என்பதையும் விசாரணை சுட்டியது. நம்மைப் போன்ற வெப்ப நாட்டு விமானிகளுக்கு அந்த வரி நேராகப் பொருந்தும்.

என் குறை வடிவமைப்பின் மீதுதான். போயிங் 777 பறக்கும்போது பனியை உணர்ந்து தடுப்பைத் தானே இயக்கிக்கொள்கிறது. தரையில் மட்டும் அந்தத் தானியக்கம் கிடையாது. பத்து மாதம் அந்தச் சுவிட்சைத் தரையில் தொடாத கை அதை நினைவில் வைத்துப் போட வேண்டும்.