தீவும் கணியமும்

கரீபியன் தீவுகளைப் பற்றி ஆங்கிலத்தில் வந்த எழுத்துக்களைச் சில மாதங்களாக வரிசையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். தூத்துக்குடியில் உட்கார்ந்துகொண்டு இதைப் படிப்பதற்குக் காரணம் உண்டு. நாமும் தீவுக்குப் போய்வருகிறவர்கள்தான். இந்த ஊர்த் தோணிகள் தலைமுறை தலைமுறையாகப் பாய் விரித்துக் கொழும்புக்குப் போய்வந்தன. இப்போது எஞ்சினோடு மாலேக்குப் போகின்றன. போனவர்கள் கண்ட தீவு நம் எழுத்தில் எங்கே இருக்கிறது என்று தேடப்போய்த்தான் அந்தப் புத்தகங்களுக்கு வந்து சேர்ந்தேன்.

முதலில் நைபால். திரினிடாடில் பிறந்து லண்டனில் எழுத்தாளரானவர், 1960-இல் திரினிடாட் அரசாங்கத்தின் உதவித்தொகையில் திரும்பிப் போய் பிரிட்டிஷ் கயானா, சூரினாம், மார்த்தினிக், ஜமைக்கா என்று சுற்றி எழுதிய ‘தி மிடில் பாஸேஜ்’ 1962-இல் வந்தது. ஆப்பிரிக்க அடிமைகளைக் கப்பலில் அடைத்து அட்லாண்டிக்கைக் கடந்ததற்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரைத்தான் தலைப்பாக வைத்திருக்கிறார். ஆனால் புத்தகத்தில் கடல் இல்லை. கப்பல் அவருக்கு, மனிதர்களை அருகில் வைத்துப் பார்க்கக் கிடைத்த ஒரு மூடிய அறை. தீவில் இறங்கியதும் தீர்ப்பு சொல்ல ஆரம்பித்துவிடுகிறார். வாக்கியங்கள் அபாரம். அவருடைய கசப்பும் பொய்யானதல்ல. இருந்தாலும் அது டிக்கெட் எடுத்தவனின் பார்வை. அவனுக்காகத் தீவு காத்திருக்கவேண்டும், அவன் தீவுக்காகக் காத்திருக்கமாட்டான்.

ஜமைக்கா கின்கெய்ட் 1988-இல் எழுதிய ‘எ ஸ்மால் ப்ளேஸ்’ இதை அப்படியே திருப்பிப் போடுகிறது. ஆன்டிகுவா அவர் பிறந்த தீவு. விமானத்தில் வந்து இறங்கும் உல்லாசப் பயணியை ‘நீ’ என்று முன்னிலையில் நிறுத்தி, விமான நிலையத்திலிருந்து ஹோட்டல்வரை டாக்சியில் கூடவே போகிறார். 1974 பூகம்பத்தில் சேதமடைந்து பழுதுபார்க்கப்படாமலே கிடக்கும் நூலகத்தைக் காட்டுகிறார். ஹோட்டல் கழிவறைத் தண்ணீர் எந்தக் கடலுக்குப் போகிறது, நீ குளிக்கிற கடல் எது என்று கேட்கிறார். சிறிய புத்தகம்தான். கோபம் எங்குமே கோஷமாகச் சரியவில்லை. காரணம், தரையில் நிற்கிற ஒருத்திக்கு மட்டுமே தெரியக்கூடிய விஷயங்கள் அதில் இருக்கின்றன.

மூன்றாவது டெரக் வால்காட். 1979 தொகுப்பில் வந்த ‘தி ஸ்கூனர் ஃப்ளைட்’ என்ற நெடுங்கவிதையில் பேசுகிறவன், திரினிடாடை விட்டுப் பாய்க்கப்பலில் வேலைக்குப் போகும் ஒரு மாலுமி. அவனுக்குத் தீவு போய்ச் சேரும் இடமல்ல. தீவுகள் பக்கவாட்டில் வந்து கடந்து போகின்றன. நடுவே மூடுபனியில் அடிமைக் கப்பல்களின் ஆவிகள் எதிர்ப்படுகின்றன, புயல் வருகிறது. வரலாறு அவனுக்கு வேலைநேரத்தில் குறுக்கிடும் ஒன்று. மூன்று பேரில் கடலிலிருந்து தீவைப் பார்த்தவன் இவன் ஒருவன்தான், அதுவும் கயிற்றைக் கையில் பிடித்தபடி.

இந்தப் பார்வைக்கு நம் கரையில் ஒரு சொல் இருக்கிறது: கணியம். கடலில் நிற்கிறவன் கரையில் இரண்டு அடையாளங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நேர்க்கோட்டில் கொண்டுவருவான். மாதா கோயில் கோபுரமும் அதற்குப் பின்னால் ஒரு பனையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறொரு திசையில் இன்னும் இரண்டு. இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் அவனுக்கு அடியில் பார் இருக்கிறது. முத்துச்சிப்பி படிந்த தோலாயிரம் பார் போன்ற இடங்களுக்குத் தண்ணீர்மேல் எந்த அடையாளமும் கிடையாது. இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். கணியம் இன்னும் மீன்பிடிப்பில் இருக்கிறது. நிலம் அவனுக்கு அளவுகோல். அழகு என்ற பேச்சே அங்கே எழுவதில்லை.

தமிழில் தீவு எப்படி வந்திருக்கிறது? பாரதி ஃபிஜியைப் பார்க்காமலே அங்குள்ள கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காக அழுதார். புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யில் இலங்கை என்றால் தேயிலைத் தோட்டம். இரண்டிலும் தீவு துன்பத்தின் பெயர். அது நியாயமே. ஆனால் கடந்துபோன கடல் இரண்டிலும் வெறும் இடைவெளி. கரீபியனுக்கே போன தமிழர்களும் உண்டு. ஓரெலி என்ற கப்பல் 1853-இல் மார்த்தினிக்குக்கும் 1854-இல் குவாதலூப்புக்கும் முதல் கூலிகளைக் கொண்டுபோய் இறக்கியது. அதன் பின்னால் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஆயிரக்கணக்கானவர்கள். சூயஸ் திறக்காத காலம், ஆப்பிரிக்காவைச் சுற்றிய வழி. அவர்கள் வழிவந்த ஆன்றி சிதம்பரம் 1904 முதல் 1923வரை குவாதலூப்பில் வழக்காடி இந்திய வம்சத்தாருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றுத்தந்தார். அவர் போராடிய தொடக்க ஆண்டுகளிலேயே, 1906-இல், இன்னொரு சிதம்பரம் இந்த ஊரில் கொழும்புக்குக் கப்பல் விடக் கம்பெனி தொடங்கினார். இந்தப் பெயர்ப் பொருத்தம் ஒரு கட்டுரையாளனுக்கு இனிக்கும். ஒரு நாவலாசிரியனுக்கு உறைத்திருக்கவேண்டும்.

நாவலுக்கு வருவோம். வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ (1977) நல்ல படைப்பு. பிலோமியின் மனத்தை அவ்வளவு குறைந்த சொற்களில் வேறு யாரும் எழுதியிருக்க முடியாது. வல்லத்துக்கும் லாஞ்சுக்குமான பகையும் அதில் இருக்கிறது. ஆனால் கடல் அங்கே வாசலில் நிற்கிறது, வீட்டுக்குள் வருவதில்லை. தலைப்பே அதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறது. ஜோ டி குரூஸின் ‘கொற்கை’ (2009) தோணித் தொழிலையே மையமாக வைத்து, ஆயிரம் பக்கங்களுக்கு மேல் இருபதாம் நூற்றாண்டைக் கடக்கிறது. 2013-இல் சாகித்திய அகாதெமி பரிசும் வந்தது. அதை ‘ஆவணம்’ என்று பாராட்டி மூடிவைத்துவிடும் நண்பர்களோடு எனக்குச் சண்டை. ஆவணம் என்பது படிக்காமல் விடுவதற்கு ஒரு மரியாதையான வழி. என் ஆட்சேபம் வேறு. தலைமுறைகளையும் குடும்பங்களையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிடவேண்டும் என்ற பதற்றத்தில் நாவல் அடிக்கடி கரைக்கு ஓடிவந்துவிடுகிறது. காற்றும் பாயும் தோணிக்காரர் பேச்சும் சேரும் இடங்களில் அந்தப் பதற்றம் இல்லை. அங்கே ஆசிரியர் யாருக்கும் எதையும் நிரூபிக்கவில்லை. அந்தப் பக்கங்களுக்காகவே ‘மண்வாசனை’ என்ற நம் விமர்சன அளவுகோலைத் தூரப் போடலாம். அதில் கடலை எப்படி அளப்பது?

பல வருஷங்களாக மாலே போய்வரும் ஒரு தண்டலிடம் மாலே எப்படி என்று கேட்டேன். ஆழம் எவ்வளவு, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும், சரக்கு இறக்க இடம் கிடைக்க எத்தனை நாள் நங்கூரத்தில் கிடக்கவேண்டும் என்று சொன்னார். ஊரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் மேலே கேட்கவில்லை. கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது.

பாங்க்கில் என் மேஜைக்கு அந்தத் தோணிகளின் பில் ஆப் லேடிங் வருகிறது. வெங்காயம், காய்கறி, செங்கல், ஜல்லி. எதெல்லாம் தன்னிடம் இல்லை என்று தீவே கைப்பட எழுதிக் கொடுத்த ஜாபிதா மாதிரி இருக்கும். பவளத்தின்மேல் நிற்கும் தீவுக்கு இங்கிருந்து கல் போகிறது. இந்தக் கரைக்கு எதிரில் இருந்த விலாங்குசல்லித் தீவு இப்போது தண்ணீருக்குள். சுண்ணாம்புக்காகச் சுற்றியிருந்த பவளப்பாறையை வருஷக்கணக்கில் வெட்டியெடுத்தோம், அலைக்குத் தடுப்பு இல்லாமல் போயிற்று. பக்கத்து வான் தீவு கரைந்துவந்ததைத் தடுக்க 2015-இலிருந்து கடலில் செயற்கைப் பாறை இறக்குகிறார்கள். ஜல்லி ஏற்றிக்கொண்டு மாலேக்குப் புறப்படும் தோணி இந்தக் கடலிலிருந்துதான் கிளம்புகிறது. அந்தத் தோணியின் மேல்தட்டிலிருந்து ஒரு பக்கமாவது யாராவது எழுதியிருந்தால் அனுப்பிவையுங்கள்.