பயிற்சி என்ற பெயரில் மூன்று வருஷம்

பத்தாவது, பன்னிரண்டாவது பரீட்சை முடிகிற சமயத்தில், திண்டுக்கல், வேடசந்தூர் பக்கத்துக் கிராமங்களில் மில்லுக்கு ஆள் சேர்ப்பவர்கள் சொல்லும் வார்த்தை பழகிப்போன ஒன்று: "லீவுல சும்மாதானே இருக்கு பொண்ணு, அனுப்பி வைங்க. சாப்பாடு, தங்குற இடம் எல்லாம் எங்க பொறுப்பு. முதல்ல டிரெய்னிங்." கடைசி வார்த்தையைத்தான் கவனிக்கணும். கோடை லீவு ஜூனில் முடிந்துவிடும். டிரெய்னிங் மூன்று வருஷம் வரை போகும்.

இதற்கு ஊருக்குத் தெரிந்த பெயர் சுமங்கலித் திட்டம். மூன்று வருஷம் ஹாஸ்டலில் தங்கி நூற்பாலையில் வேலை பார்த்தால், முடிவில் கல்யாணச் செலவுக்கென்று மொத்தமாக ஒரு தொகை. 30,000 முதல் 50,000 ரூபாய் வரை என்பது பரவலாகச் சொல்லப்பட்ட கணக்கு. நடுவில் 40,000 என்று வைத்துக்கொள்வோம். 36 மாதத்துக்கு வகுத்தால் மாதம் 1,111 ரூபாய். இது மில் கொடுக்கிற பரிசு என்றார்கள். ஆனால் கையில் தருகிற சம்பளம் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே இருக்கும்போது, இந்த 1,111 அந்தப் பெண் ஏற்கெனவே உழைத்துச் சம்பாதித்த பணம்தான். மாதாமாதம் தர வேண்டியதை மில் தன்னிடம் நிறுத்தி வைத்திருக்கிறது.

நிறுத்தி வைத்த பணத்துக்கு வட்டி உண்டே? 10 சதவீதத் தனிவட்டி என்று போட்டால்கூட மூன்று வருஷத்தில் ஒரு பெண்ணுக்கு சுமார் 5,800 ரூபாய் வரும். 500 பேர் இருக்கிற மில்லுக்கு 29 லட்சம். எந்த வங்கியும் தராத வட்டியில்லாக் கடனைப் பதினாறு, பதினேழு வயதுப் பெண்கள் தருகிறார்கள். இதைவிடப் பெரிய விஷயம், முப்பதாவது மாதத்தில் உடம்பு முடியாமல் ஊருக்குத் திரும்பினால் என்ன ஆகும் என்பது. அதுவரை சேர்ந்திருக்க வேண்டியது 33,000 ரூபாய்க்கு மேல். திட்டத்தின் நிபந்தனைப்படி மூன்று வருஷம் முடிக்காதவருக்கு அந்தத் தொகை கிடையாது. ஹாஸ்டல் கேட்டைப் பூட்டாமலே ஆளைப் பிடித்து வைக்கிற வேலையை இந்த ஒரு நிபந்தனை செய்துவிடும்.

1961ஆம் வருஷம் இரண்டு சட்டங்கள் வந்தன. வரதட்சணைத் தடுப்புச் சட்டம், வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் குற்றம் என்றது. தொழில் பழகுநர் சட்டம் தன் 18ஆம் பிரிவில், பழகுநர் ஒரு பயிற்சியாளர், தொழிலாளி அல்ல என்றது. சுமங்கலித் திட்டம் இந்த இரண்டுக்கும் நடுவில் கூடாரம் போட்டது. முதல் சட்டம் தடுத்ததைக் காட்டி ஆள் சேர்த்தார்கள். இரண்டாவது சட்டத்தின் சொல்லைக் காட்டிச் சம்பளத்தைக் குறைத்தார்கள்.

இதைப் பற்றி வெளிவந்த அறிக்கைகளில் அதிகம் பேசப்பட்டவை, நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ அமைப்பும் இந்தியக் கமிட்டியும் சேர்ந்து 2011 மே மாதம் வெளியிட்டதும், அடுத்து 2014இல் 151 தொழிலாளர்களிடம் பேசி எழுதியதும். இவை இல்லாவிட்டால் வெளிநாட்டுத் துணி பிராண்டுகள் திரும்பிக்கூடப் பார்த்திருக்காது. அந்தப் பெருமை அவற்றுக்கு உண்டு. ஆனால் ஒரு குறை இருக்கிறது. 'சுமங்கலி' என்ற பெயர் மேலே எழும்பிய அளவுக்கு, 'பயிற்சியாளர்' என்ற சொல் எழும்பவில்லை. பத்திரிகைகளும் அந்தப் பெயரையே பிடித்துக்கொண்டன. விளைவு? பெயரை விடுவது மில்களுக்குச் சுலபமாகிப் போச்சு. "எங்ககிட்ட சுமங்கலித் திட்டம் கிடையாது" என்று பிராண்டின் தணிக்கையாளரிடம் சொல்லிவிடலாம், அது உண்மையாகவும் இருக்கலாம். கேட்டிருக்க வேண்டிய கேள்வி, உங்கள் ஆட்களில் எத்தனை பேர் பயிற்சியாளர், எத்தனை மாதமாக என்பது. இந்தியக் கமிட்டி 2016இல் 743 நூற்பாலைகளைப் பார்த்து, 90 சதவீதத்துக்கும் மேலானவற்றில் ஏதோ ஒரு அளவில் நவீன அடிமைத்தனம் இருப்பதாகச் சொன்னது. பெயர் போயும் நிலைமை போகவில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

மில்கள் தரப்பு வாதத்தையும் கேட்போம். புதுசா வர்றவங்க நூலை வீணாக்குவாங்க, மெஷினை நிறுத்துவாங்க, கற்றுக்கொடுக்கச் செலவாகும் என்பார்கள். முதல் சில வாரங்களுக்கு இது நியாயம்தான். அறுந்த இழையை ஒட்டுவது, ரிங் ஃபிரேமில் சைடு பார்ப்பது, நிறைந்த கட்டைகளைக் கழற்றி மாற்றுவது, எல்லாவற்றுக்கும் கைப்பழக்கம் வேண்டும். அதற்கு மூன்று வருஷம் வேண்டுமா? 1946ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டத்தின் மாதிரி நிலையாணைகள், தகுதிகாண் நிலைக்கு மூன்று மாதம்தான் வைத்தன. தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டமோ, 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்கு என்கிறது. மூன்று வருஷப் பயிற்சியாளர் அந்த 480 நாளை இரண்டாவது வருஷத்திலேயே தாண்டிவிடுவார். தொழிலாளி என்ற பெயர் வந்தால்தான் அந்தச் சட்டம் வாய் திறக்கும் என்பதால், அந்தப் பெயர் வராமல் பார்த்துக்கொள்வதில் மில்லுக்கு எவ்வளவு லாபம் என்று புரியும்.

பயிற்சி எப்போது வேலையாக மாறுகிறது என்ற கேள்வி வேறு நாடுகளிலும் நீதிமன்றம் ஏறியிருக்கிறது. 1947இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், போர்ட்லாண்ட் டெர்மினல் என்ற ரயில்வே நிறுவனத்தில் சம்பளமில்லாமல் பயிற்சி பெற்றவர்களைத் தொழிலாளிகளாகக் கருத முடியாது என்றது. கேட்டவுடன் முதலாளிகளுக்குச் சாதகமான தீர்ப்பு மாதிரி இருக்கும். காரணத்தைப் பாருங்கள்: அந்தப் பயிற்சி ஏழெட்டு நாள். பயிற்சிக்கு வந்தவர்கள் யாருடைய வேலையையும் பிடிக்கவில்லை, அவர்களால் கம்பெனி வேலை வேகமாகவும் நடக்கவில்லை. அதே அளவுகோலை நம்ம மில்லில் வைத்தால் மூன்றிலும் தேறாது. நைட் ஷிப்டில் பயிற்சியாளர்கள் எல்லாரும் ஒருநாள் வராவிட்டால் மெஷின் ஓடாது என்றால், அங்கே ஓடிக்கொண்டிருப்பது உற்பத்தி.

தமிழ்நாடு அரசு இந்த ஓட்டையை ஒரு தடவை நேராகவே அடைக்கப் பார்த்தது. 2008இல், நூற்பாலைப் பயிற்சியாளர்களுக்கும் நாளுக்கு 110 ரூபாய் அடிப்படைக் கூலி, அதற்கு மேல் பஞ்சப்படி என்று அறிவித்தது. மாதம் 26 நாளுக்கு 2,860 ரூபாய், பஞ்சப்படி தனி. மில்கள் தரப்பு சென்னை உயர் நீதிமன்றம் போனது. 2009இல் நீதிமன்றம் அரசு பக்கம் நின்றது. என் பார்வையில், எல்லா அறிக்கைகளையும்விட இந்த அறிவிப்புதான் சரியான இடத்தில் கை வைத்தது. பயிற்சியாளர் என்று என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள், இதற்குக் கீழே கொடுக்காதே என்பதுதான் அதன் சாரம்.

மத்திய அரசின் விதிகள் எதிர்ப்பக்கம் நடந்தன. 2014இல் திருத்திய தொழில் பழகுநர் விதிகள், உதவித்தொகையை மாநிலத்தின் குறைந்தபட்சக் கூலியோடு கட்டின. முதல் வருஷம் 70 சதவீதம், இரண்டாம் வருஷம் 80, மூன்றாம் வருஷம் 90. குறைவுதான், ஆனாலும் கூலி ஏறினால் இதுவும் ஏறும். 2019இல் அந்தக் கயிற்றை அறுத்து, படிப்புக்குத் தகுந்த மாதிரி நிலையான தொகை வைத்தார்கள். பத்தாவது முடித்தவருக்கு 6,000, பன்னிரண்டாவதுக்கு 7,000, பட்டதாரிக்கு 9,000. விலைவாசியோடு தானாக ஏறுகிற வழி போய்விட்டது. அதே 2019இல் வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும், பழகுநர் சட்டத்தின் கீழ் சேர்ந்தவர்களை 'ஊழியர்' என்ற வரையறைக்கு வெளியே வைத்தது.

இந்தக் கடைசி வரியிலேயே நமக்கு வேண்டிய பிடியும் இருக்கிறது. வெளியே வைத்தது 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சேர்ந்தவர்களை மட்டும்தான். அப்படிச் சேர எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதைப் பதிவு செய்ய வேண்டும், மைனர் என்றால் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்துப் போட வேண்டும். பதிவு இல்லாமல் வெறும் வாய்வார்த்தையில் 'டிரெய்னி' என்று வைத்துக்கொண்டால் அந்த விலக்கு பொருந்தாது. அவர் ஊழியர், குறைந்தபட்சக் கூலி அவர் உரிமை. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது அரசியல் சாசனத்தின் 23ஆம் பிரிவு தடை செய்த கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982லேயே, ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் சொல்லிவிட்டது.

மில் பெண்களோடு இது முடிகிற கதையும் இல்லை. என் துறையில் இதற்கு வேறு சட்டை. இன்ஜினியரிங் பசங்க மே மாதம் இன்பிளாண்ட் டிரெய்னிங், இன்டர்ன்ஷிப் என்று அலைகிறார்கள். சில இடங்களில் சம்பளமில்லாமல் நிஜ கிளையண்டின் வேலையைச் செய்கிறார்கள், சில இடங்களில் சர்டிபிகேட்டுக்கு இவர்களே பணம் கட்டுகிறார்கள். மில் பெண்ணின் கஷ்டத்துக்குப் பக்கத்தில் இதை வைக்க முடியாது. ஏமாற்றுகிற சொல் மட்டும் ஒன்றே.

ஆகவே இந்த லீவில் உங்கள் வீட்டிலிருந்தோ பக்கத்து வீட்டிலிருந்தோ ஒரு பிள்ளை டிரெய்னிங் என்று கிளம்பினால், மூன்று விஷயம் கேளுங்கள். பதிவு செய்த ஒப்பந்தம் இருக்கா? எந்தத் தேதியில் பயிற்சி முடியும், முடிந்த மறுநாள் என்ன சம்பளம் என்று அதில் எழுதியிருக்கா? பாதியில் வந்துவிட்டால் அதுவரை உழைத்த பணம் முழுசாகக் கைக்கு வருமா? மூன்றுக்கும் காகிதத்தில் பதில் கிடைக்காவிட்டால், அதை வேலை என்றே வைத்துக்கொண்டு கூலியைக் கணக்குப் போடுங்கள்.