கை அறிந்த இடம்

கேரளத்தின் நெடுமங்காட்டிலிருந்து வித்துரா வரைக்கும் உள்ள சாலை எந்தக் காரையும் பெரிதாகச் சோதிப்பதில்லை. வித்துரா கடைத்தெருவைத் தாண்டி, கல்லாற்றையும் கடந்த பிறகுதான் சோதனை ஆரம்பம். அங்கிருந்து 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் பொன்முடியைத் தொட வேண்டும். மழைக்காலத்தில் பாதி ஏற்றத்திலேயே மூடுபனி வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். விடுமுறை நாளில் பழைய ஜீப்பும், பத்து வருடம் ஓடிய மாருதியும், போன மாதம் வாங்கிய மின்சாரக் காரும் ஒன்றன்பின் ஒன்றாக அங்கே ஏறுகின்றன. கார் டாஷ்போர்டுகளை ஒப்பிட்டு ரசிக்க வேண்டுமென்றால் ஷோரூமைவிட இந்தச் சாலைதான் பொருத்தமான இடம். ஷோரூமில் கார் நிற்கிறது. பார்க்க வந்தவரின் கண்ணுக்கு வேறு வேலை இல்லை. அதனால் பளபளப்பது எதுவோ அதுவே அழகு என்று படுகிறது. மலை ஏறும்போது கண் முழுக்கச் சாலைக்குச் சொந்தம். மற்ற வேலைகளுக்கு மிஞ்சுவது கை ஒன்றுதான். கண்ணைக் கூப்பிடாமல் கைக்கு வழி காட்டுவதே டாஷ்போர்டுக் கலை என்று வைத்துக்கொண்டால், இன்றைய கார்களில் அழகானவை எவை, அலங்காரம் மட்டும் செய்துகொண்டவை எவை என்பது பிரிந்து தெரியும்.

முதலில் ஹார்னைப் பார்ப்போம். எதிரே வருவது தெரியாத வளைவில் ஹார்ன் அடித்துத்தான் திரும்ப வேண்டும். அந்த நேரத்தில் ஸ்டியரிங் அரைச் சுற்றுக்கு மேல் திரும்பியிருக்கும். மேலே இருந்தது கீழே போயிருக்கும், இடப்பக்கம் இருந்தது வலப்பக்கம் வந்திருக்கும். ஒரு வட்டத்தில் எவ்வளவு சுற்றினாலும் இடம் மாறாத பகுதி ஒன்றே ஒன்று, அதன் மையம். ஹார்னை அங்கே வைத்தது ஓர் எளிய வடிவியல் உண்மையைக் கைக்குப் புரியவைத்த மேதமை. இண்டிகேட்டர் தண்டும் அப்படித்தான். அது சக்கரத்தோடு சுற்றாமல், ஸ்டியரிங் கம்பத்தோடு நிலையாக நிற்கிறது. விரலை நீட்டினால் எப்போதும் இருக்கும் இடத்திலேயே இருக்கிறது. டெஸ்லா 2023-இல் புதுப்பித்த மாடல் 3-இல் அந்தத் தண்டை எடுத்துவிட்டு, இண்டிகேட்டரை ஸ்டியரிங் மேலேயே பொத்தான்களாக வைத்தது. நேர்ச்சாலையில் அது நேர்த்தியாகவே தெரியும். சக்கரம் தலைகீழாகத் திரும்பியிருக்கும் வளைவில் பொத்தானும் தலைகீழாகிவிடுகிறது. இடம் எது, வலம் எது என்று மனம் ஒரு கணக்குப் போட வேண்டியிருக்கிறது. 2025-இல் வந்த புதிய மாடல் ஒய்யில் அதே நிறுவனம் தண்டை விட்டுவைத்ததற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

கை எந்த அளவுக்கு இடத்தை நினைவில் வைக்கிறது என்பதற்கு நம் சாலைகளிலேயே சான்று உண்டு. மாருதி, ஹூண்டாய், டாடா கார்களில் இண்டிகேட்டர் தண்டு வலப்பக்கம். வோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களில் இடப்பக்கம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறியவர் முதல் சில நாட்கள் திருப்பத்தில் இண்டிகேட்டர் போடுவதாக நினைத்து, வெயிலில் வைப்பரை ஓடவிடுவார். வேடிக்கையாகத் தோன்றும் இந்தத் தவறு ஒன்றைச் சொல்கிறது: கை யோசிப்பதே இல்லை, பழகிய இடத்துக்குப் போகிறது. போய்ச் சேர்ந்த இடத்தில் கிடைத்தது வேறு பொருள் என்பதைத் தொட்டவுடன் கை சொன்னால் இந்தத் தவறு நடக்காது. இதை முறையாகக் கண்டுபிடித்தவர் இரண்டாம் உலகப் போர்க் காலத்து உளவியலாளர் அல்ஃபோன்ஸ் சபானிஸ். பி-17 குண்டுவீச்சு விமானத்தில் சக்கரத்தை மடக்கும் சுவிட்சும் இறக்கை மடலை மடக்கும் சுவிட்சும் ஒரே வடிவில் அருகருகே இருந்தன. தரையிறங்கிய பிறகு ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை இழுத்து, விமானத்தை வயிற்றில் உட்காரவைத்தார்கள் விமானிகள். சக்கரத்துக்கான பிடியில் சின்ன ரப்பர் சக்கரத்தையும், மடலுக்கானதில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தச் சொன்னார் சபானிஸ். பயணிகள் விமானங்களில் சக்கரப் பிடி இன்றும் குட்டிச் சக்கரம் போலத்தான் இருக்கிறது.

இந்த அளவுகோலோடு நம் கார்களின் வரலாற்றைப் பார்த்தால், பழையதெல்லாம் பொன் என்ற முடிவுக்கு வர முடியாது. 1950-களின் இறுதியில் உத்தர்பாராவில் பிறந்து 2014 வரை ஓடிய அம்பாசடரின் பழைய வடிவங்களில், ஹெட்லைட்டை டிம் செய்ய இடது காலுக்குக் கீழே ஒரு மிதிசுவிட்ச் இருந்தது. கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்காமல் செய்ய முடிந்த வேலை அது. இரவுச் சாலைக்கு அருமையான யோசனை. ஆனால் அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் ஒரே அச்சில் வார்த்த சுவிட்சுகள் வரிசையாக நிற்கும்; எது எதற்கு என்பது ஓட்டுநருக்கும் மெக்கானிக்குக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 இந்த வரிசையை ஒழுங்குபடுத்தியது. விளக்கும் இண்டிகேட்டரும் ஒரு தண்டில், வைப்பரும் தண்ணீரும் மறு தண்டில் என்று விரல் எட்டும் தூரத்துக்கு வந்தன. காற்றோட்டத்துக்கு நகர்த்து நெம்புகள் இருந்தன. நெம்பு எங்கே நிற்கிறது என்பதே எவ்வளவு திறந்திருக்கிறது என்பதற்கான விடை. முடிவில்லாமல் சுற்றும் இன்றைய குமிழ்கள் பலவற்றில் இந்த நற்குணம் இல்லை. அவை கையில் திரும்பினாலும், எங்கே நிற்கிறோம் என்பதைத் திரையில்தான் சொல்கின்றன. ஆகவே குமிழா திரையா என்று கேட்பது போதாது. தொட்டால் இடம் தெரிகிறதா, திருப்பினால் நிலை தெரிகிறதா, முடித்தால் முடிந்தது என்று விரலுக்குப் புரிகிறதா: இந்த மூன்றையும் கேட்க வேண்டும். ஒவ்வொரு நிலைக்கும் ‘டக்’கென்று உட்காரும் நல்ல ஏசி குமிழ் இந்த மூன்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறது.

திரை நேற்று முளைத்ததல்ல. 1986-இலேயே அமெரிக்காவின் ப்யூக் ரிவியேரா, பழைய டிவி போன்ற படக்குழாய்த் தொடுதிரையோடு வந்தது. வாங்கியவர்கள் முகம் சுளித்ததால் சில வருடங்களில் அது போய்விட்டது. 2012-இல் டெஸ்லா மாடல் எஸ் 17 அங்குலத் திரையை நட்டநடுவில் நிறுத்தியபோது, உலகம் கைபேசிக்குப் பழகியிருந்தது. இந்தியாவில் 2019-இல் எம்ஜி ஹெக்டர் நெடிய திரையைக் காட்டியே பேசவைத்தது. 2021-இல் மஹிந்திரா எக்ஸ்யூவி 700 இரண்டு திரைகளை ஒரே கண்ணாடிக்குள் அடக்கியது. 2024-இல் அதே நிறுவனத்தின் எக்ஸ்இவி 9இ பயணிக்கும் சேர்த்து மூன்று திரைகளைப் பரப்பியது. இந்த மாற்றத்தில் நம் ஊர்களுக்கும் பங்குண்டு. ஸ்பீடோமீட்டர் முள்ளில் பெயரெடுத்த கோயம்புத்தூர் ப்ரிக்கால் இன்று திரை மீட்டர்களும் செய்கிறது. செங்கல்பட்டுக்கு அருகே மஹிந்திராவின் ஆய்வு மையம் இருக்கிறது. வித்துராவிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் டாடா எல்க்ஸி காருக்கான மென்பொருளை எழுதுகிறது. அவர்கள் செய்வதில் ரசிக்க நிறைய இருக்கிறது. ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் உள்ள பள்ளத்தைக் காட்டும் கேமரா படம், அடுத்த வளைவின் கோணத்தை முன்கூட்டியே வரையும் வரைபடம், இரவில் தானாக மங்கும் வெளிச்சம் ஆகியவற்றை எந்தக் குமிழும் தர முடியாது. காட்டுவதில் திரையை மிஞ்ச ஆளில்லை. கேட்டு வாங்குவதில்தான் அது தடுமாறுகிறது.

தடுமாற்றத்தை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 2022-இல் சுவீடனின் வி பிலாகரே என்ற கார் பத்திரிகை, ஒரு விமான ஓடுதளத்தில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில், கண்ணாடிப் பனியை நீக்குவது, ரேடியோ நிலையம் மாற்றுவது போன்ற நான்கு வேலைகளைச் செய்யச் சொன்னது. ஓட்டியவர்களுக்கு முன்பே பழகிக்கொள்ள நேரமும் கொடுத்தது. பொத்தான்கள் நிறைந்த 2005-ஆம் ஆண்டு வோல்வோ வி70-இல் எல்லாம் 10 விநாடியில் முடிந்தன. கார் 306 மீட்டர் ஓடியிருந்தது. திரையை நம்பிய எம்ஜி மார்வெல் ஆர் காரில் 44.9 விநாடி ஆனது. கார் 1,372 மீட்டர் போய்விட்டது. பொன்முடிச் சாலையில் அந்த வேகம் இல்லை என்று சமாதானம் சொல்லலாம். மணிக்கு 30 கிலோமீட்டரில் போனாலும் இரண்டு விநாடியில் கார் கிட்டத்தட்ட 17 மீட்டர் நகர்கிறது. ஒரு கொண்டை ஊசி வளைவின் வாயிலிருந்து நடுவுக்கு வர அது போதும். 2019-இல் ஜெர்மனியில் கனமழையில் டெஸ்லா ஓட்டிய ஒருவர், வைப்பரின் வேகத்தை மாற்றத் திரையைத் தொட்டுக்கொண்டிருந்தபோது சாலையை விட்டு விலகி மரத்தில் மோதினார். 200 யூரோ அபராதமும் ஒரு மாத ஓட்டுநர் தடையும் விதித்ததைக் கார்ல்ஸ்ரூஹே உயர்நீதிமன்றம் 2020-இல் உறுதி செய்தது. மழையில் வைப்பரைக் கூட்டுவது அந்த மனிதரின் கடமை. அந்தக் கடமையைச் செய்ததற்கே குற்றவாளியாகும் இடத்தில் அவரை உட்காரவைத்தது டாஷ்போர்டு.

திரையின் பக்கம் பேசுபவர்களின் வலுவான வாதம், இனி எதையும் தொடவே வேண்டாம் என்பது. மழை பெய்தால் வைப்பர் தானாக ஓடும், ஏசி தானாகச் சரிசெய்துகொள்ளும், மிச்சத்தை வாயால் சொன்னால் போதும் என்கிறார்கள். தானியங்கி நன்றாக வேலை செய்யும்போது அது உண்மைதான். ஆனால் மனிதன் கையை நீட்டுவதே தானியங்கி தவறிய நேரத்தில்தான். நான்கு பேர் மூச்சுவிடும் காருக்குள் ஈரக்காற்று, வெளிக்குளிரில் சில்லிட்ட கண்ணாடியில் பட்டுப் படியும்போது, சில நொடிகளில் முன்கண்ணாடி வெண்மையாகிவிடும். அப்போது ஏசியும் கண்ணாடிக் காற்றும் உடனே வேண்டும். பின்சீட்டில் குழந்தைகள் பாடிக்கொண்டிருக்க, மேலே மழை தகரம் போலச் சத்தமிட, குரல் கட்டளை காதில் விழுந்து, புரிந்து, நடக்கும் வரை வளைவு காத்திருக்காது. அரிதாகத் தேவைப்படுவது என்பதற்காக ஒன்றைத் திரையின் மூன்றாம் அடுக்கில் ஒளித்துவைப்பது, வீட்டில் எப்போதோதான் தீப்பிடிக்கும் என்று தண்ணீர் வாளியைப் பரணில் போட்டுவைப்பதற்குச் சமம்.

இன்னொரு வாதம் பழக்கத்தைப் பற்றியது. கைபேசியோடு வளர்ந்த தலைமுறைக்குத் திரையே இயல்பு, குமிழ் ஆசை வயதானவர்களின் ஏக்கம் என்று சொல்லப்படுகிறது. கைபேசியில் பார்க்காமலே தட்டச்சு செய்யும் இளைஞர்கள் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. மெட்டு இல்லாத வயலினில் விரல் சுருதியைக் கண்டுபிடிக்கவில்லையா என்றும் ஒரு ரசிகர் கேட்கலாம். வீணையில் 24 மெட்டுகள் இடம் சொல்கின்றன. வயலினில் அவை இல்லை என்பது சரிதான். ஆனால் வயலினின் கழுத்து உள்ளங்கையில் உட்கார்ந்திருக்கிறது, தந்தி விரலடியில் அழுந்துகிறது, தவறினால் காது அந்தக் கணமே சொல்லிவிடுகிறது. கைபேசியும் கைக்குள் அடங்கி, அதன் விளிம்புகளால் விரலுக்கு அளவு காட்டுகிறது. காரின் திரையோ நீட்டிய கைக்கு எதிரே, குலுங்கும் பலகையில், ஓரமும் மேடும் இல்லாமல் நிற்கிறது. அப்டேட் வந்த மறுநாள் பொத்தானின் இடமும் மாறலாம். பழகுவதற்கு ஏதாவது ஒன்று நிலையாக இருக்க வேண்டும். அந்த நிலையான ஒன்றைத்தான் வழுவழுப்பான கண்ணாடி பறித்துவிடுகிறது.

பொத்தானைக் கூட்டிக்கொண்டே போனாலும் கலை ஆகிவிடாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2009-இல் வந்த போர்ஷே பனமேராவின் நடுப்பலகையில் இருபுறமும் அணிவகுத்த பொத்தான்களைப் பார்த்தால், திரைக்கு ஏன் அத்தனை வரவேற்பு கிடைத்தது என்று புரியும். செலவும் ஒரு காரணம்: ஒவ்வொரு பொத்தானுக்கும் அச்சு, கம்பி, சோதனை வேண்டும், திரையில் ஒரு வரி மென்பொருள் போதும். அதனால் எதை விரலுக்கு ஒதுக்குவது, எதைத் திரைக்கு விடுவது என்ற தேர்வில்தான் வடிவமைப்பாளரின் ரசனை வெளிப்படுகிறது. ஓடும்போது தேவைப்படுவது விரலுக்கு, நின்றபின் செய்யக்கூடியது திரைக்கு என்பது நல்ல பாகப்பிரிவினை. கேரள அரசுப் பேருந்துகளில் மணிக்கயிறு செய்ததும் இதைத்தான். நடத்துநர் கூட்டத்துக்குள் டிக்கெட் கிழித்தபடி, நிமிர்ந்து பார்க்காமல், தலைக்கு மேலே நீளும் கயிற்றை இழுப்பார். ஒருமுறை இழுத்தால் நில், இருமுறை இழுத்தால் போ. எந்த வரிசையில் நின்றாலும் கயிறு கைக்கு எட்டும். ஓட்டுநரும் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. கண்ணை வீணாக்காத இடைமுகம் இதைவிடச் சிக்கனமாக இருக்க முடியாது.

உலகம் இப்போது அந்தச் சிக்கனத்தை நோக்கித் திரும்பிக்கொண்டிருக்கிறது. ஐரோப்பாவின் கார் பாதுகாப்பு மதிப்பீட்டு அமைப்பான யூரோ என்கேப், 2026 முதல் முழு மதிப்பெண்ணுக்கு இண்டிகேட்டர், அபாய விளக்கு, ஹார்ன், வைப்பர், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் தொட்டறியும் கட்டுப்பாடு வேண்டும் என்கிறது. கோல்ஃப் காரில் இரவில் விளக்கு எரியாத தொடுபட்டைகளை வைத்து வாங்கிக் கட்டிக்கொண்ட வோக்ஸ்வாகன், ஒலியளவு, வெப்பநிலை போன்றவற்றுக்கு மீண்டும் பொத்தான் தருவதாக 2025-இல் அறிவித்தது. மதிப்பெண்ணுக்காகவோ விற்பனைக்காகவோ வரட்டும், வருவது நல்லது. வாங்குபவருக்கு அந்தப் பட்டியலுக்கெல்லாம் காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. விற்பனையாளர் திரையை ஏற்றி வண்ணம் மாற்றிக் காட்டி முடித்ததும், ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து இரண்டு கண்களையும் மூடிக்கொள்ளலாம். வைப்பரைக் கூட்டி, முன்கண்ணாடிக்குக் காற்றைத் திருப்பி, அபாய விளக்கைப் போட்டு, ஸ்டியரிங்கை அரைச் சுற்றுத் திருப்பி ஹார்ன் அடித்துப் பார்க்கலாம். கை தட்டித் தடவாமல் இந்த நான்கையும் செய்துவிட்டால், அந்த டாஷ்போர்டைச் செய்தவர் மழையில் ஒரு மலைச்சாலையை மனதில் ஓட்டிப் பார்த்திருக்கிறார் என்று நம்பலாம்.