வளர்ப்பு என்னும் சொல்

புதுவை நகரின் வடபால் உள்ள முத்தியால்பேட்டையில் குயில்தோப்பு என வழங்கும் ஓரிடம் உண்டு. 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்த பாரதியாரின் குயில் பாட்டோடு அத்தோப்பை இணைத்துப் பேசுவது இலக்கிய அன்பர் வழக்கம். பாட்டின் நயத்தைப் பலரும் எழுதிவிட்டனர். நாம் இங்கு எடுத்துக்கொள்வது அப்பறவையின் பெயர் ஒன்றை மட்டுமே. குயில் என்னும் தமிழ்ப் பெயர் அதன் குரலை நினைவூட்டுவது. வடமொழியாளரோ அதற்குப் பரபிருதம் என்றும் ஒரு பெயர் வைத்தனர். பிறரால் வளர்க்கப்பட்டது என்பது பொருள். காக்கையை அதே வேரிலிருந்து பரபிருத், அதாவது பிறரை வளர்ப்பது, என்றனர். குயில் தன் முட்டையைக் காக்கைக் கூட்டில் இட்டுச் செல்வதைக் கள்ளத்தனம் என்று ஏசுவோர் உண்டு. பெயரிட்டவர்கள் அதை விடுத்து, இரை கொடுத்த அலகை நினைத்திருக்கிறார்கள். வளர்ப்பு என்னும் சொல்லைப் பற்றி நாம் சொல்ல வந்ததற்கு இதைவிடப் பொருத்தமான வாயில் கிடைக்காது.

வளர்த்தலுக்கு நிகர்ச்சொல் கேட்டால் பேணல், ஓம்பல், காத்தல், புரத்தல், போற்றல் என அடுக்கிவிடுகிறோம். தேர்வுக்குப் படிக்கும் மாணவர்க்கு அது போதும். ஒன்றிருக்கும் இடத்தில் மற்றொன்றை வைத்து எழுதிப் பார்ப்பவர்க்குத்தான் இடறும். விருந்தினரை ஓம்பலாம், வளர்க்க இயலாது. அரசன் குடிகளைப் புரக்கிறான், வள்ளல் புலவனைப் புரக்கிறான். குடி குடியாகவும் புலவன் புலவனாகவுமே இருக்கின்றனர். முதிய பெற்றோரை மக்கள் பேணுகிறார்கள். வளர்ப்பதாக எவரும் சொல்வதில்லை. பேணுதலில் விரும்புதல் என்னும் பொருளும் கலந்திருப்பதால், மனமில்லாமல் பேணுவது சொல்லளவிலேயே முரணாகிறது. ஓம்புதலுக்குக் காத்தலோடு விலக்குதல் என்னும் பொருளையும் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி (1924–1936) தருகிறது. தீங்கை அகற்றுவதும் காவலின் பாதி என்ற நினைவு அச்சொல்லில் ஊறிக் கிடக்கிறது.

வளர்த்தல் இவை அனைத்திலிருந்தும் ஓரிடத்தில் பிரிகிறது. அதற்கு ஓர் எல்லை உண்டு. வளர்க்கப்பட்டவர் ஒருநாள் வளர்ந்துவிடுவார். அன்று வளர்த்தவர் தம் கையை எடுத்துக்கொள்ள வேண்டும். காத்தலுக்கும் புரத்தலுக்கும் அந்த நிர்ப்பந்தம் இல்லை. வேலியைக் காலமெல்லாம் வைத்திருக்கலாம். (பகையையும் தலைமுடியையும்கூட வளர்க்கலாம் என்பது வேறு, சொல் நன்மை தீமை பார்ப்பதில்லை.) தாலாட்டில் வரும் ‘கண்வளர்தல்’ என்ற வழக்கையும் மறப்பதற்கில்லை. உறங்குவதை வளர்வதாகச் சொன்ன மொழி இது. தொட்டிலை ஆட்டிய தாய்க்குத் தெரியாததா, பிள்ளை எப்போது வளர்கிறதென்று!

இத்தகைய சொல்லை இன்றைய உரைநடை எப்படி நடத்துகிறது? 1975இல் நடுவணரசு தொடங்கியது ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம். வளர்ச்சி என்பது தன்வினையிலிருந்து வந்த பெயர். வளர்வது தெரிகிறது, வளர்ப்பவர் தெரியவில்லை. அங்கன்வாடியில் சோறாக்கி ஊட்டும் பெண்மணிக்கு அத்திட்டத்தின் பெயரில் இடமில்லை. வளர்ப்பவரைச் சொல்ல வேண்டிய இடத்திலோ பராமரிப்பு வந்து அமர்ந்துவிட்டது. சாலைக்கும் மின்விசிறிக்கும் மழலைக்கும் அது ஒன்றே. வளர்ப்பு என்ற சொல்லுக்கு மிஞ்சியவை கோழியும் மீனும், பிறகு ‘வளர்ப்பு மகன்’ என்னும் தொடரும். அத்தொடரில் அது ‘சொந்தமல்லாத’ என்பதன் நாகரிகமான மறுபெயராகத் தேய்ந்துவிட்டது. நம் முதன்மையான குறை இதுதான்.

பழைய அகப்பாடல்களில் செவிலி, தலைவியின் இரண்டாம் தாய். பெற்றவளைவிட அவள் பேச்சே மிகுதி. இன்று அச்சொல் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதில் இழப்பில்லை; ஆங்கிலத்தில் நர்ஸ் என்பதும் பாலூட்டி வளர்ப்பவளிலிருந்து அவ்வழியே நடந்து வந்ததுதான். புதுவையின் பிரெஞ்சுப் பள்ளியில் மாணவரை எலேவ் என்கிறார்களே, அதுவும் வளர்த்தல், உயர்த்துதல் என்னும் வினையிலிருந்து பிறந்தது.

அரபு மொழியில் இக்கருத்து இன்னும் உயரத்தில் இருக்கிறது. ரப்பு என்பதன் மூலப்பொருள் தர்பியத். ஒரு பொருளைப் படிப்படியாக அதன் நிறைவு வரை கொண்டு செலுத்துதல் என்று விளக்கினார் சொல்லாய்வாளர் ராகிப் அல்இஸ்ஃபஹானி. நம் மொழிபெயர்ப்பாளருள் சிலர் இரட்சகன் என்றனர்; சிலர் அதிபதி என்றனர்; சிலர் ரப்பு என்றே நிறுத்திக்கொண்டனர். மர்ஹூம் ஆ. கா. அப்துல் ஹமீது பாகவி அவர்களோ அல்ஃபாத்திஹாவின் தொடக்கத்தில் படைத்தலோடு வளர்த்தலையும் பரிபக்குவப்படுத்துதலையும் சேர்த்து விரித்தெழுதினார்கள். நடை நீள்கிறது என்பது உண்மையே. ஆயினும் இரட்சகனில் காவல் இருக்கிறது, அதிபதியில் ஆட்சி இருக்கிறது. படிப்படியான வளர்ச்சி இரண்டிலும் இல்லை. நீளத்தை ஏற்றுப் பொருளைக் காத்தவர் பாகவி என்பதே நம் தீர்ப்பு.

அதே திருக்குர்ஆன், வளர்த்தலைக் குறிக்கும் ஒரே வினையை எதிரெதிரான இரு வாய்களில் வைத்திருக்கிறது. சிறு பருவத்தில் தன்னை வளர்த்த பெற்றோருக்காக மகன் இரங்கிக் கேட்கும் துஆவில் அது வருகிறது (17:24). நீ குழந்தையாய் இருந்தபோது நாங்கள் உன்னை வளர்க்கவில்லையா என்று மூஸா நபியிடம் ஃபிர்அவ்ன் கேட்கும் இடத்திலும் அதுவே வருகிறது (26:18). முன்னது நன்றி, பின்னது கடன்சீட்டு. என் சமூகத்தையே அடிமையாக்கி வைத்துவிட்டு இதையா சொல்லிக்காட்டுகிறாய் என்பதே மூஸா நபி தந்த விடையின் கருத்து. கையை எடுக்க மறுத்த வளர்ப்பு அரண்மனையிலேயே நடந்தாலும் வளர்ப்பாகாது. இவ்விரு இடங்களிலும் தமிழில் ஒரே வினையை ஆளாவிட்டால் வாசகர் அந்த உறைப்பை அறியார். ஓரிடத்தில் ‘பராமரித்தது’ எனவும் மற்றோரிடத்தில் ‘வளர்த்தது’ எனவும் எழுதுவது நயமல்ல, நட்டம்.

நம் குடும்பங்களுக்கு இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. தந்தை பெயரை மாற்றாமல் பிள்ளையை ஏற்பதே நமக்கு விதிக்கப்பட்ட முறை (33:5). ஆதலின் தத்து என்ற சொல் நமக்குச் சரிவராது, வளர்ப்பே சரி. 1989இல் ஐக்கிய நாடுகள் அவை நிறைவேற்றிய குழந்தை உரிமை உடன்படிக்கை, தத்தெடுத்தலோடு இஸ்லாமியச் சட்டத்தின் கஃபாலத் என்னும் பொறுப்பேற்பையும் தனியே குறிப்பிட்டிருக்கிறது. உலக ஏட்டில் தனிப்பெயர் பெற்றதை நாம் வீட்டுக்குள் ‘வளர்ப்புப் பிள்ளைதானே’ என்று குரல் தாழ்த்திச் சொல்கிறோம்.

மனைவியின் முதல் மணத்துப் பிள்ளையை அரபியர் ரபீப் என்றனர். அச்சொல்லின் வேர் ரப்பு என்பதன் வேரே. ‘மாற்றான்’ என்ற ஒலி அதில் இல்லை. உம்மு ஸலமா அன்னையாரின் மகன் உமர் இப்னு அபீ ஸலமா (ரலி) நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் ரபீப். சிறுவராய் இருந்தபோது உணவுத் தட்டின் நாற்புறமும் தம் கை அலைந்ததையும், பெயர் சொல்லித் தொடங்கு, வலக்கையால் உண், உன் பக்கத்திலிருப்பதை உண் என்று அண்ணலார் திருத்தியதையும் அவரே அறிவிக்கிறார். அன்று முதல் தாம் உண்ணும் முறை அதுவாகவே ஆயிற்று என்றும் சொல்கிறார்.