அம்புக்குறிக்கும் ஐயம் வேண்டும்

கூகுள் மேப்ஸின் ‘லைவ் வியூ’ வசதி 2019 ஆகஸ்டில் பரவலாகக் கிடைக்கத் தொடங்கியது. நடந்து செல்பவர் கைப்பேசியைத் தெருவை நோக்கி உயர்த்தினால், கேமராக் காட்சியின் மீதே அம்புக்குறி தோன்றி, எந்தப் பக்கம் திரும்புவது என்று காட்டும். நிஜக் காட்சியின் மேல் தகவலைப் பதிக்கும் ஆக்மென்ட்டட் ரியாலிட்டி அன்றாடத் தேவைக்கு வந்து சேர்ந்த நல்ல உதாரணம் இது.

இது தீர்க்க வந்த சிக்கல் உண்மையானது. சுரங்க ரயில் நிலையத்திலிருந்து படியேறி வெளியே வருபவருக்குத் தான் நிற்கும் இடம் தெரிந்தாலும் திசை பிடிபடாது. கைப்பேசியும் தடுமாறும்: உயர்ந்த கட்டடங்களில் செயற்கைக்கோள் சமிக்ஞை பட்டுத் தெறிக்கும். சுற்றியுள்ள இரும்பு அதன் திசைகாட்டியைக் குழப்பும். லைவ் வியூ, கேமராவில் தெரியும் கட்டட முகப்புகளை கூகுள் முன்பே எடுத்துவைத்த ‘ஸ்ட்ரீட் வியூ’ தெருப் படங்களோடு ஒப்பிட்டு, நாம் எங்கே, எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்று கணிக்கிறது. அதன் பிறகு ஓர் அம்பு போதும்.

எனக்கு அதைவிடப் பிடித்தது இன்னொரு வடிவமைப்பு முடிவு. கைப்பேசியை உயர்த்தியபடியே நடந்தால், இறக்கச் சொல்கிறது செயலி. இறக்கியதும் பழைய வரைபடம் வந்துவிடுகிறது. இந்த எச்சரிக்கைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1980-இல் நாசாவின் ஏம்ஸ் மையம் வெளியிட்ட ஆய்வில், கண்ணெதிரே தகவல்கள் ஒளிரும் ஹெட்-அப் டிஸ்ப்ளேயுடன் சிமுலேட்டரில் தரையிறங்கிய விமானிகள் சிலர், ஓடுபாதையில் குறுக்கிட்ட இன்னொரு விமானத்தைக் கவனிக்கவே இல்லை. பார்வை நேராகத்தான் இருந்தது; கவனம் குறியீடுகளில் சிக்கிக்கொண்டது. தெருவில் நடப்பவருக்குக் குறுக்கே வருவது பேருந்தாக இருக்கும்.

லைவ் வியூ தடுமாறுவது ஆழத்தை, அதாவது தூரத்தைக் காட்டுவதில்தான். அருகில் உள்ளது தொலைவில் உள்ளதை மறைக்கும் என்பது, தூரத்தை அறியக் கண் பெரிதும் நம்பும் தடயம். காட்சியின் மேல் வரையும் குறி இதற்குக் கட்டுப்படாவிட்டால், இரண்டு தெரு தள்ளியிருக்கும் கடையின் சின்னம் எதிர்ச்சுவரில் ஒட்டியதுபோல் தெரியும். பக்கத்தில் மீட்டர் கணக்கை எழுதலாம். ஆனால் நின்று படித்தால்தான் அது உதவும்.

இதைவிடப் பெரிய குறை, அம்பின் அதீத உறுதி. வழக்கமான வரைபடத்தில் இருப்பிடம் தெளிவில்லாதபோது நீலப்புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் விரியும். திசை குழம்பினால் புள்ளியிலிருந்து கிளம்பும் ஒளிக்கற்றை அகலமாகும். பார்ப்பவர் அதைக் கண்டு எச்சரிக்கையாவார். லைவ் வியூவோ இடம் பிடிபடாதவரை கேமராவைக் கட்டடங்களின் பக்கம் திருப்பச் சொல்கிறது. பிடிபட்டதாகக் கருதிவிட்டால் தயக்கமே காட்டுவதில்லை. கணிப்பு பிசகினாலும் அம்பு அதே அளவில், அதே பளிச்சென்ற நிறத்தில் நிற்கும். நிஜத் தெருவின் மேல் பதிந்திருப்பதால் வரைபடத்தைவிட அதை நாம் அதிகம் நம்பவும் செய்கிறோம்.

வடிவமைப்பாளர்கள் முதலில் திருத்த வேண்டியது இதைத்தான். கணிப்பு தளரும்போது அம்பு மங்கட்டும், அகலமாகட்டும். வெளிர்நீல வட்டத்தில் இதே நிறுவனம் ஏற்கெனவே செய்துகாட்டிய வேலைதான் இது.