தகைவும் திரிபும்: பொருள் வலிமையியல் அறிமுகப் பாடக் கலைச்சொற்கள் குறித்த ஒரு திறனாய்வு

முன்னுரை

அண்ணா பல்கலைக்கழகம் 2010ஆம் ஆண்டு கட்டுமானப் பொறியியல், இயந்திரப் பொறியியல் பட்டப்படிப்புகளைத் தமிழ்வழியில் தொடங்கியது. இவ்விரு துறை மாணவர்க்கும் அடித்தளமாக அமைவது பொருள் வலிமையியல். படப்பை, ஒரகடம் வட்டாரத் தொழிற்சாலைகளை நோக்கிச் செல்லும் இளைஞர்க்கு இதன் தொடக்கக் கருத்துகள் தெளிவாதல் இன்றியமையாதது. அவற்றுள் தகைவு, திரிபு என்னும் இரு சொற்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

தகைவு

'ஓரலகுப் பரப்பில் செயல்படும் விசை' என்பதே தகைவுக்குப் பரவலாக வழங்கும் வரையறை. அழுத்தத்திற்கும் இதே வரையறை தரப்படுவதால் இரண்டும் ஒன்றே என்னும் மயக்கம் எழுகிறது. அழுத்தம் பரப்பைச் செங்குத்தாகத் தள்ளுவது. தகைவோ இழுவையாகவும் சறுக்குப்பெயர்ச்சியாகவும் அமையக்கூடியது. தகைதல் என்பதற்குத் தடுத்தல் என்பது பொருள். பொருளை மனத்தால் ஓரிடத்தில் வெட்டிப் பார்த்தால், அவ்வெட்டுமுகத்தில் ஒரு பகுதி மறுபகுதியைத் தடுத்து நிறுத்தும் அகவிசையின் செறிவே தகைவு. சொல் கருத்தைச் சரியாகச் சுட்டுகிறது. வரையறைதான் அதனைக் கைவிடுகிறது.

ஒரு சான்று இதனை விளக்கும். எஃகின் வெப்ப விரிவுக் கெழு பாகை செல்சியசுக்குப் பத்து இலட்சத்தில் 12 பங்கு. யங் குணகம் சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 2 இலட்சம் நியூட்டன். தடையின்றிக் கிடக்கும் 1 மீட்டர் எஃகுத் தண்டு 50 பாகை சூடேறினால் 0.6 மில்லிமீட்டர் நீளும். அதில் தகைவு இல்லை. இருமுனையும் அசையாது பிணிக்கப்பட்டால் நீளம் மாறாது. ஆனால் சதுர மில்லிமீட்டருக்கு 120 நியூட்டன் தகைவு தோன்றும். சுமை எங்கே எனத் தேடும் மாணவர் இங்குத் திகைப்பர். தடை எங்கே எனத் தேடுபவர் விடை காண்பர்.

திரிபு

தமிழகப் பாடநூல்கள் திரிபு என்பதை இலங்கைப் பாடநூல்கள் விகாரம் என்கின்றன. புணர்ச்சி மாற்றங்களைத் தொல்காப்பியம் திரிபு என்றும் நன்னூல் விகாரம் என்றும் வழங்குதல் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. இரு சொற்களும் மாற்றத்தைக் குறிக்கின்றனவேயன்றி விகிதத்தைக் குறிக்கவில்லை. ஆதலின் மாற்றத்தைத் தொடக்க அளவால் வகுக்க வேண்டும் என்பதை ஆசிரியரே வற்புறுத்த வேண்டியுள்ளது.

முடிவுரை

தமிழ்வழிப் பொறியியலின் குறையைக் கலைச்சொற்கள் மேல் மட்டும் ஏற்றுதல் பொருந்தாது. தகைவு தன் வேர்ப்பொருளாலேயே பாடம் நடத்தவல்லது. திரிபுக்கு விளக்கம் துணைவேண்டும். சூத்திரத்திற்கு முன் வெட்டுமுகத்தை வரைந்து காட்டும் பாடநூலே இன்றைய தேவை.